நடுகல்லைப் படமெடுக்க எவை தேவைப்பட்டன? கேமராத் துணைக்கருவித் தேர்வு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் வட்டாரமும் அதையடுத்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதிகளும் நடுகற்கள் மிகுந்த நிலப்பரப்பாகும். ஆநிரை (மாட்டுமந்தை) கவரும்போதோ மீட்கும்போதோ பட்ட, அதாவது இறந்த, வீரர்களுக்காகப் பல்லவர் காலத்தில் எடுக்கப்பட்ட கற்கள் இங்கே ஏராளமாக உள்ளன. அவற்றில் பலவற்றில் வீரனின் தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில் சில வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அரசனின் பெயர், அவனது ஆட்சியாண்டு, எந்த ஊர்ப் பூசலில் யாருடைய சேவகன் பட்டான் என்ற அளவில் செய்தி சுருக்கமானது. ஆனால் ஆட்சியாண்டைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் கல்லின் காலமே பல ஆண்டுகள் நகர்ந்துவிடும்.

இந்தப் பகுதியைச் சேர்ந்த மூவர் தங்கள் சுற்றுவட்டாரக் கற்களை இடம், அளவு, படம், பாடம் (படித்தறிந்த வாசகம்) என்ற வரிசையில் ஆவணப்படுத்த முனைந்ததிலிருந்து இந்நிகழ்வு தொடங்குகிறது. ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மற்றவர் அவருடைய பழைய மாணவர், கூட்டுறவு வங்கியில் பணிபுரிபவர். மூன்றாமவர் இளங்கலை வரலாறு படிக்கும் மாணவி. கேமரா வங்கி ஊழியருடையது. 24 மெகாபிக்சல் சென்சாரும், கேமராவுடன் சேர்ந்தே வரும் 18–55 மி.மீ. கிட் லென்சும் கொண்ட, தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றத்தக்க, உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) அது. துணைக்கருவிகள் வாங்க ஆசிரியரின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 15,000 ரூபாய் கொடுத்திருந்தனர். அந்தப் பணம் எப்படிச் செலவானது, எது பயன்பட்டது, எது மூலையில் கிடந்தது என்பதே இவ்வாய்வின் பொருள். முதல் களப்பணிக்குப் பிறகு ஆலோசனைக்காக நான் அழைக்கப்பட்டேன். அதற்கு முந்தைய நிகழ்வுகளை அவர்களுடைய களக்குறிப்பேடு, ரசீதுகள், அழிக்காமல் வைத்திருந்த படங்கள் ஆகியவற்றைக் கொண்டு எழுதியுள்ளேன்.

ஒரு கட்டுப்பாட்டை முதலிலேயே குறிப்பிட வேண்டும். கல்வெட்டைப் பதிவு செய்ய நம்பகமான பழைய முறை மைப்படி எடுப்பதாகும். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மையை ஒற்றி எடுத்தால் எழுத்து வெள்ளையாகவும் பின்புலம் கறுப்பாகவும் கிடைக்கும். ஆனால் இந்தப் பகுதியின் நடுகற்களில் பல இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் வழிபாட்டில் இருக்கின்றன. எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறிய கல்லில் தாள் ஒட்டாது என்பது ஒருபுறமிருக்க, ஊரார் அதற்கு இசைவதும் இல்லை. முதல் ஊரிலேயே பூசாரி, "படம் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க வாத்தியாரய்யா, சாமி மேல மட்டும் எதையும் ஒட்டாதீங்க" என்று சொல்லிவிட்டார். எழுத்தின் பள்ளத்தில் சாக்குக்கட்டியால் கோடிழுக்கும் வழக்கத்தை ஆசிரியரே விலக்கினார். அப்படிச் செய்தால் கல்லில் இருப்பது பதிவாகாது, கோடிழுத்தவர் படித்ததுதான் பதிவாகும் என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே புகைப்படமே படித்தறியத்தக்க படியாக அமைய வேண்டியிருந்தது. பின்னால் எடுத்த முடிவுகள் அனைத்தும் இத்தேவையிலிருந்து பிறந்தவை.

## முதலில் வாங்கியவை

தொகையில் ஏறத்தாழ 6,000 ரூபாய் முதல் வாரத்திலேயே செலவாகியிருந்தது. லென்சின் முகப்பில் திருகி மாட்டும் வைடு (காட்சியை அகலமாக்கும்), டெலி (தொலைவை அருகாக்கும்) மாற்றிகள், ஒரு யூவி (புறஊதாக் கதிர்) ஃபில்டர், தூரிகையும் துணியும் காற்றூதியும் அடங்கிய துடைப்புத் தொகுப்பு ஆகியவை ஒரே 'காம்போ'வாக வந்தன. அவற்றுடன் ஒரு கிலோ எடையுள்ள அலுமினிய ட்ரைபாட், சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்த 128 ஜிபி மெமரி கார்டு, தோள்பை ஆகியவையும் வாங்கப்பட்டன.

இவற்றை வாங்கியதற்குக் குறிப்பேட்டில் காரணங்கள் எழுதப்பட்டுள்ளன, அவை தம்மளவில் பொருத்தமானவையே. குறுகிய மண்டபத்தில் பின்வாங்க இடமிருக்காது, எனவே வைடு மாற்றி. தூசு படும், எனவே யூவி ஃபில்டர். தூக்கிச் செல்ல வேண்டும், எனவே எடை குறைந்த ட்ரைபாட். ஆனால் இவையெல்லாம் ஒரு கல்லையேனும் படமெடுத்துப் பார்ப்பதற்கு முன் ஊகித்த தேவைகள். கடைப்பட்டியலைப் பார்த்துத் தேவையைக் கற்பனை செய்துகொள்வது எளிது, ஏனெனில் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஏதோவொரு சூழலில் யாருக்கோ தேவைப்பட்டதுதான்.

## முதல் களப்பணியில் கண்டவை

கோடையில், முற்பகலில் தொடங்கி உச்சிவேளை வரை சில கற்கள் படமெடுக்கப்பட்டன. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஆசிரியரால் எந்தக் கல்லையும் முழுமையாகப் படிக்க முடியவில்லை. நேரில் விரல் நுனியைக் காற்றில் ஓட்டிப் படித்த வரிகள்கூடப் படத்தில் மறைந்திருந்தன.

பெரும்பாலான கற்கள் பாதிக்கு மேல் மண்ணில் புதைந்தவை. எழுத்துள்ள பகுதி முழங்கால் உயரத்தில் இருந்தது. வாங்கிய ட்ரைபாடின் மூன்று கால்களையும் நடுத்தண்டுடன் ஒரு தாங்கி இணைத்திருந்ததால், கால்களைக் குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் விரிக்க இயலவில்லை. ஆகவே கேமரா மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்ந்து நின்றது. படத்தில் கல்லின் மேற்பகுதி அகன்றும் கீழ்ப்பகுதி குறுகியும் பதிவாயின. நடுத்தண்டை உயர்த்தியபோது காற்றில் கேமரா அதிர்ந்தது. வைடு மாற்றி கொண்டு எடுத்த படங்களில் நடுப்பகுதி ஓரளவு தெளிவாக இருந்தும், ஓரங்களில் எழுத்துகள் வெளிப்புறமாக இழுபட்டு, நிறப் பிசிறோடு மங்கியிருந்தன. நடுகல்லில் எழுத்து இருப்பது பெரும்பாலும் ஓரங்களில்தான் என்பதால், கெடவே கூடாத இடத்தையே அது கெடுத்தது.

மெமரி கார்டில் ஒரு கட்டத்துக்குப் பிந்தைய கோப்புகள் எதுவும் திறக்கவில்லை. பேட்டரியும் எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே தீர்ந்தது. கையேட்டில் கண்ட எண்ணிக்கை வியூஃபைண்டர் வழியாக எடுப்பதற்கு உரியது. இவர்களோ எழுத்தைப் பெரிதாக்கிக் குவியம் பார்க்கப் பின்திரையை நெடுநேரம் எரியவிட்டிருந்தனர். அப்படிப் பயன்படுத்தினால் இவ்வகைக் கேமராக்களில் அந்த எண்ணிக்கை பாதியளவுக்குக் குறைவது வழக்கம்.

இத்தனைக்கும் நடுவில் நன்றாகக் கூர்மையாக அமைந்த படங்களும் இருந்தன, அவற்றிலும் எழுத்து தெரியவில்லை. புளியமர நிழலில் எல்லாத் திசையிலிருந்தும் சமமாக ஒளி விழுந்ததால், தேய்ந்த எழுத்தின் பள்ளத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பரப்புக்கும் வேறுபாடே இல்லாமல் போயிருந்தது. முக்கியமான தடயம் இதுவே என்று எனக்குப் பட்டது.

## படங்களைக் கொண்டு தேவையை வகுத்தது

இருப்பில் ஏறத்தாழ 9,000 ரூபாய் எஞ்சியிருந்தது. வங்கி ஊழியர் அதைக் கொண்டு கூடுதல் கூர்மையுள்ள லென்ஸ் ஒன்றை வாங்கலாம் என்று கருதினார். அந்த யோசனையை ஏற்பதற்கு முன், தோற்ற படங்களைக் காரணவாரியாகப் பிரித்துவைக்குமாறு கேட்டுக்கொண்டேன். அதிர்வு, கோணச் சாய்வு, ஓரச் சிதைவு, ஒளியின்மை, எண்ணெய்ப் பளபளப்பு, கோப்புச் சேதம் என்று மாணவி தனித்தனி அடைவுகளில் பிரித்தார். லென்சின் கூர்மைக்குறைவு ஒன்றினால் மட்டும் கெட்ட படம் என்று எதையும் காட்ட இயலவில்லை. கிட் லென்ஸ் 35 மி.மீ.க்கு மேல், எஃப்/8 துவாரத்தில் (துவாரம் என்பது லென்சில் ஒளி புகும் திறப்பு), அசையாமல் நின்ற இடங்களிலெல்லாம் கல்லின் மணற்பருக்கையைக்கூடக் காட்டியிருந்தது. மிகப் பெரிய அடைவு ஒளி பற்றியது, அடுத்தது நிலைப்பு பற்றியது.

தேய்ந்த எழுத்தைக் காட்டுவது ஒளியின் அளவன்று, அது விழும் கோணம். கல்லின் பரப்பை ஒட்டினாற்போல், 10 முதல் 30 பாகை வரையிலான சாய்வில் ஒளி விழும்போது ஆழமற்ற பள்ளமும் தன் ஒரு கரையில் நிழலையும் எதிர்க்கரையில் வெளிச்சத்தையும் பெறுகிறது. ஒளி வரும் திசைக்கு இணையாக ஓடும் கோடோ நிழல் விழாமல் மறைந்துவிடும். உச்சிவெயிலில் எடுத்த சில படங்களில் எழுத்தின் கிடைக்கோடுகள் தெளிவாகவும் நெடுங்கோடுகள் காணாமலும் இருந்ததன் காரணம் இதுதான், சூரியன் மேலிருந்து கல்லின் முகத்தை உரசிக்கொண்டு விழுந்திருந்தது. வட்டெழுத்தில் வளைவுகளே மிகுதி என்பதால் ஒரே திசை ஒளியில் ஒவ்வோர் எழுத்தும் அரைகுறையாகத் தெரியும். ஆகவே கேமராவைச் சற்றும் நகர்த்தாமல், இடம், வலம், மேல் என ஒளியை மாற்றிப் பல படங்கள் எடுத்தாக வேண்டும். இவ்வாறு தேவை தெளிந்தபோது பட்டியல் தானாகச் சுருங்கியது. நகராத ட்ரைபாட் ஒன்றும், கேமராவிலிருந்து விலக்கிப் பிடிக்கத்தக்க ஒளி ஒன்றும் வேண்டும். மற்றவை இவ்விரண்டுக்கும் பின்னர்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ட்ரைபாடுக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய் ஒதுக்கப்பட்டது. கால்களை இணைக்கும் நடுத்தாங்கி இல்லாமல் ஒவ்வொரு காலும் தனித்தனியாக விரிய வேண்டும், தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குக் கேமரா இறங்க வேண்டும், நடுத்தண்டின் அடியில் பையைத் தொங்கவிடக் கொக்கி வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகள் வைக்கப்பட்டன. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் அதிகபட்ச உயரத்தை நாங்கள் கருத்தில் கொள்ளவே இல்லை. இரண்டு கிலோவை நெருங்கிய எடையைப் பற்றி மாணவி தயங்கினார், ஏனெனில் பேருந்து நிறுத்தத்திலிருந்து கல் இருக்கும் இடம்வரை நடந்து சுமப்பவர் பெரும்பாலும் அவர்தான். இரண்டாவது பயணத்தில் வரப்பின் மேல் காற்றில் அது அசையாமல் நின்றதைக் கண்டபின் அத்தயக்கம் நீங்கியது. சாய்ந்து நிற்கும் கல்லுக்கு இணையாகக் கேமராவை நிறுத்த ஓர் எளிய வழியும் கிட்டியது. கைபேசியின் சாய்வுமானிச் செயலியைக் கல்லைத் தொடாமல் அதன் விளிம்போரம் பிடித்துச் சாய்வைக் குறித்துக்கொண்டு, அதே எண் வரும்வரை கேமராவின் பின்திரையைச் சாய்த்தார்கள். மேலே அகன்று கீழே குறுகும் கோளாறு இதனால் பெரும்பாலும் தீர்ந்தது.

ரிமோட் ஷட்டர் வாங்கப்படவில்லை. பொத்தானை அழுத்தும்போது ஏற்படும் அதிர்வைத் தவிர்க்கக் கேமராவிலேயே உள்ள 2 விநாடி செல்ஃப் டைமர் போதுமானது. பின்திரை வழியாக எடுக்கும்போது கண்ணாடியும் முன்னதாகவே மேலே எழுந்து நிற்பதால் அதன் அதிர்வும் படத்தில் சேராது. அசையும் பொருளைக் குறித்த கணத்தில் பிடிக்க வேண்டியவர்களுக்கு ரிமோட் உதவலாம், கல்லுக்கு அவ்வவசரம் இல்லை.

ஒளிக்கு முதலில் ஃபிளாஷ் வாங்காமல், குவியத்தை அகட்டவும் குறுக்கவும் வசதியுள்ள எல்இடி டார்ச் ஒன்று ஏறத்தாழ 600 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. விலை மட்டும் அதற்குக் காரணமன்று. டார்ச்சின் ஒளி தொடர்ந்து எரிவதால் எந்தக் கோணத்தில் எந்த எழுத்து எழுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு கையை நகர்த்தலாம். பக்கவாட்டு ஒளியைப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. பொழுது சாய்ந்தபின் கேமராவை ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப்/8 என்று வைத்து, சில விநாடிகள் ஷட்டரைத் திறந்துவைத்து எடுத்தனர். டார்ச்சைக் கல்லுக்கு மிக அருகில் பிடித்தால் அருகிலுள்ள ஓரம் வெளுத்து மறு ஓரம் இருண்டது. தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கிலொன்றாகும் என்ற விதியே இதற்குக் காரணம். கல்லின் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தள்ளி நின்று, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டியபோது ஒளி சீரானது.

மெமரி கார்டு குறித்து விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் 'எஃப்3' என்ற இலவச மென்பொருளில் சோதித்தபோது, 128 ஜிபி என்று அச்சிடப்பட்ட அந்தக் கார்டில் உண்மையான இடம் அதில் சிறு பகுதியே என்பது தெரிந்தது. பணம் திரும்பக் கிடைத்தது. பதிலாக 32 ஜிபி கார்டுகள் இரண்டு வாங்கப்பட்டன. இந்தக் கேமராவின் ரா கோப்பு (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் படக்கோப்பு) ஒன்று 25 முதல் 30 எம்பி வரை வருவதால், ஒரு கார்டில் ஏறத்தாழ ஆயிரம் படங்கள் கொள்ளும். ஒரு நாள் வேலைக்கு அது மிகுதி. இரண்டாவது கார்டு இடத்துக்காக அன்று, முதலாவது பழுதானால் அன்றைய பயணம் வீணாகாமல் இருப்பதற்காக. அதே எண்ணத்தில்தான் கூடுதல் பேட்டரி ஒன்றும் வாங்கப்பட்டது.

அளவுகோலை மாணவியே செய்தார். 10 செ.மீ. நீளத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பளபளப்பற்ற தாளில் அச்சிட்டு அட்டையில் ஒட்டினார். முதல் அச்சு 10 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருந்தது, ஏனெனில் அச்சுப்பொறி 'பக்கத்துக்குள் அடக்கு' என்ற அமைப்பில் இருந்திருக்கிறது. எஃகு ஸ்கேலை வைத்துச் சரிபார்த்ததால் அது அப்போதே பிடிபட்டது. அளவுகோலுடன் கல்லின் வரிசை எண்ணும் ஒரு சாம்பல்நிற அட்டையும் ஒவ்வொரு கல்லின் முதல் படத்திலும் இடம்பெற்றன. எல்இடி ஒளியில் மஞ்சளும் குங்குமமும் நிறம் மாறித் தெரிவதைப் பின்னால் கணினியில் சரிசெய்யச் சாம்பல் அட்டை உதவியது.

எண்ணெய்ப் பளபளப்புக்கு போலரைசிங் ஃபில்டர் தீர்வாகுமா என்பதில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. ஒருவரிடம் இரவல் வாங்கிச் சோதித்தோம். கண்ணாடி, நீர், எண்ணெய் போன்ற பரப்புகளிலிருந்து குறிப்பிட்ட சாய்வில் தெறிக்கும் ஒளியை இந்த ஃபில்டர் நன்றாகக் குறைக்கும். ஆனால் கல்லை நேர்முகமாகப் படமெடுக்கும்போது, கரடுமுரடான பரப்பில் எல்லாக் கோணங்களிலும் தெறிக்கும் புள்ளி வெளிச்சங்களில் ஒரு பகுதியையே அது நீக்கியது. டார்ச்சை ஓரிரு சாண் நகர்த்தினாலும் ஏறத்தாழ அதே பயன் கிடைத்தது. எனவே அது வாங்கப்படவில்லை. இம்முடிவை எல்லோருக்கும் பொதுவாக்கக் கூடாது. நீர்நிலையையோ வானத்தையோ படமெடுப்பவருக்கு, கணினியில் பின்னால் உண்டாக்க முடியாத விளைவைத் தரும் சில துணைக்கருவிகளுள் அதுவும் ஒன்று.

யூவி ஃபில்டரும் கழற்றப்பட்டது. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் புறஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு ஏற்கெனவே உள்ளது. பக்கவாட்டில் டார்ச் எரியும்போதோ, முன்னால் இன்னொரு கண்ணாடி இருப்பது வீண் பிரதிபலிப்புக்கு வழிசெய்தது. காம்போவில் வந்தவற்றில் காற்றூதி மட்டும் இன்றுவரை தினமும் பயன்படுகிறது.

## பகலொளியும் ஃபிளாஷ் சிக்கலும்

இருட்டியபின் வேலை செய்யும் முறை இரண்டு மூன்று ஊர்களுக்குப் பொருந்தியது. மலையடிவாரக் கற்களுக்குப் பொருந்தவில்லை. கடைசிப் பேருந்து, பாம்பு அச்சம், மாணவியின் வீட்டாரின் கவலை ஆகிய மூன்றும் சேர்ந்து பகலிலேயே எடுக்கும் வழியைத் தேடவைத்தன. பகல் வெளிச்சத்தின் முன் டார்ச் எடுபடாது. ஃபிளாஷின் ஒளி விநாடியில் ஆயிரத்திலொரு பங்கு அளவே நீடித்தாலும் அக்கணத்தில் மிக வலிமையானது. ஷட்டரை 1/200 விநாடிக்கும் துவாரத்தை எஃப்/11க்கும் வைத்தால், மரநிழலின் இயல்பு ஒளி படத்தில் மங்கிப்போய் ஃபிளாஷின் ஒளியே மேலோங்கும். நேர்வெயிலில் நிற்கும் கல்லுக்கு முதலில் கறுப்புக் குடையாலோ ஜமுக்காளத்தாலோ நிழல் செய்துகொள்ள வேண்டும். கணக்கும் எளியதே. ஃபிளாஷின் வலிமையைக் குறிக்கும் வழிகாட்டு எண்ணை மீட்டர் தொலைவால் வகுத்தால் துவார எண் வரும். வழிகாட்டு எண் 33 கொண்ட ஃபிளாஷை 2 மீட்டர் தள்ளி வைத்தால் முழுத்திறனில் எஃப்/16, பாதித்திறனில் எஃப்/11 கிடைக்கும். முதற்கட்டப் படங்களைக் கண்ட முன்னாள் மாணவர்கள் மேலும் 4,000 ரூபாய் அனுப்பியதால், கையால் திறனை மாற்றும் சாதாரண ஃபிளாஷ் ஒன்றும், அதைத் தொலைவிலிருந்து இயக்கும் எளிய ரேடியோ ட்ரிகர் ஒன்றும் வாங்கப்பட்டன.

ட்ரிகர் இயங்கவில்லை. வேறொருவரின் பழைய கேமராவில் மாட்டியபோது அதே ட்ரிகர் பழுதின்றி இயங்கியது. இரு கேமராக்களின் தலைமேல் உள்ள ஃபிளாஷ் தளங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த மாணவிதான் காரணத்தைக் கண்டார். பழைய கேமராவின் தளத்தில் நடுவில் ஒரு பெரிய உலோகப் புள்ளியும் அதைச் சுற்றிச் சிறு புள்ளிகளும் இருந்தன. புதியதில் சிறு புள்ளிகள் மட்டுமே இருந்தன. எந்த நிறுவனத்தின் ஃபிளாஷையும் இயக்கவல்ல பொதுத்தொடர்பு அந்த நடுப்புள்ளிதான். சில தொடக்கநிலை மாதிரிகளில் அது நீக்கப்பட்டிருக்கிறது. அவற்றில், சுற்றுப்புள்ளிகள் வழியே அந்தக் கேமரா பேசும் மொழியை அறிந்த ஃபிளாஷும் ட்ரிகரும் மட்டுமே வேலை செய்யும். பொருளின் விளம்பரத்தில் கேமரா நிறுவனத்தின் பெயர் பொருத்தமானவற்றின் பட்டியலில் இருந்தது. மாதிரி எண் இருந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

ட்ரிகர் திருப்பி அனுப்பப்பட்டது. மாற்று வரும்வரை, கேமராவில் உள்ள சிறு ஃபிளாஷின் மின்னலைக் கண்டு தானும் மின்னும் 'ஸ்லேவ்' முறையில் பெரிய ஃபிளாஷ் பயன்படுத்தப்பட்டது. சிறு ஃபிளாஷ் அளவு பார்ப்பதற்காக முதலில் ஒரு முன்மின்னலை விடுவதால், அதைப் பொருட்படுத்தாத இரண்டாம் ஸ்லேவ் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முகத்துக்கு நேராக விழும் சிறு ஃபிளாஷின் ஒளி எழுத்தின் நிழலை நிரப்பிவிடாமல் இருக்க, அதன் திறனைக் குறைத்து, முன்னால் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்துப் பக்கவாட்டில் திருப்பினார்கள். மண்டபத்துக்குள் இது நன்றாக இயங்கியது. வெட்டவெளியில் சில வேளை பெரிய ஃபிளாஷ் சைகையைத் தவறவிட்டது. பின்னர் அந்த மாதிரி எண்ணுக்கு உரியது என்று தெளிவாகக் குறிப்பிட்ட ட்ரிகர் வந்தபின் இச்சிக்கல் தீர்ந்தது.

## தொடர்ந்து நிகழ்ந்தவை

இப்போது ஒவ்வொரு கல்லுக்கும் பொதுப்படம் ஒன்று, அளவுகோலுடன் ஒன்று, குறைந்தது நான்கு திசை ஒளிகளில் எழுத்துப் பகுதி என்ற ஒழுங்கில் பதிவு நடக்கிறது. முன்பு எழுத்தே இல்லை என்று குறிப்பேட்டில் எழுதியிருந்த ஒரு கல்லில், வீரனின் வில்லுக்கும் கல்லின் விளிம்புக்கும் இடையே கீழ்நோக்கி இறங்கும் குறுகிய வரிகள் இடப்பக்க ஒளியில் மட்டும் வெளிப்பட்டன. படங்களைக் கல்வெட்டுப் பயிற்சி உள்ள ஒருவருக்கு அனுப்பியபோது, ஆட்சியாண்டுக்குரிய சொல்வரை படித்துக்கொடுத்து, எஞ்சிய பகுதிக்கு வலக்கீழ்ப்புறத்திலிருந்து ஒளி விழும் படம் வேண்டும் என்று கேட்டிருந்தார். களத்துக்கு வராத ஒருவர் தமக்கு வேண்டிய ஒளியைத் திசை குறித்துக் கேட்கும் நிலை வந்ததையே இந்த ஏற்பாட்டின் பெரிய பயனாக நான் கருதுகிறேன். எல்லாக் கற்களும் இப்படிக் கைகொடுக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு எழுத்துப் பள்ளத்தையே மூடிவிட்ட கற்களில் எந்த ஒளியும் பயன்படவில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாதுகாப்பு பற்றிய கேள்வி எழுந்தது. ஈரப்பதத்தில் பல வாரங்கள் பைக்குள் கிடக்கும் லென்சின் உட்கண்ணாடியில் பூஞ்சை படர்வது நம் ஊரில் அடிக்கடி காணும் சேதம். மின்சார உலர்பெட்டிக்குப் பதிலாக, ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி ஆகியவற்றைக் கொண்டு ஒப்பேற்றினார்கள். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொண்டனர். ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் பச்சையாக மாறும்போது சூடேற்றி ஈரத்தை ஓட்டி மீண்டும் பயன்படுத்தலாம். தோள்பையை டப்பாவுக்குள் வைக்கவில்லை, ஏனெனில் ஈரத்தை முதலில் உறிஞ்சிச் சேமித்துவைப்பது பஞ்சு வைத்த அந்தப் பைதான்.

## மாற்றிக்கொள்ள வேண்டியவை

இதே வேலையை மீண்டும் தொடங்குவதாயின், கேமராவையும் இரவல் ட்ரைபாட் ஒன்றையும் வீட்டிலுள்ள டார்ச்சையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கல்லை எடுத்துப் பார்த்தபின்னரே பணத்தைத் தொட வேண்டும் என்று மூவரும் குறித்திருக்கின்றனர். முதல் வாங்கலில் காற்றூதியும் பையும் தவிர மற்றவை இவர்களுக்கு உதவவில்லை என்பதால் இது நியாயமான குறிப்பே. ஃபிளாஷ் தொடர்பான எதை வாங்கும்போதும் கேமராவின் தளத்தை நேரில் பார்ப்பது, நிறுவனப் பெயரை அன்றி மாதிரி எண்ணைச் சரிபார்ப்பது, மெமரி கார்டைத் திருப்பித்தரும் காலக்கெடுவுக்குள் முழுமையாகச் சோதிப்பது ஆகியவையும் அவர்களது பட்டியலில் உள்ளன.

நான் சேர்க்க விரும்பிய மாற்றம் வேறொன்று. கேமரா நகராமல் ஒளி மட்டும் நகரும் இம்முறை, எச்பி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டர் முதலானோர் 2001இல் வெளியிட்ட நுட்பத்துக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. ஆர்டிஐ (Reflectance Transformation Imaging) என்ற பெயரில் வளர்ந்துள்ள அம்முறையில், பளபளப்பான கறுப்புப் பந்து ஒன்றைக் கல்லின் அருகே வைத்துப் பல திசை ஒளிகளில் படமெடுக்கிறார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒளி எங்கிருந்து வந்தது என்பதைப் பந்தில் மின்னும் புள்ளியிலிருந்து மென்பொருள் கணிக்கிறது. பின்னர் கணினித் திரையில் ஒளியை வேண்டிய திசைக்கெல்லாம் நகர்த்திக் கல்லைப் படிக்கலாம். ட்ரைபாட், ஃபிளாஷ், ட்ரிகர் ஆகியவை கையில் இருக்கும்போது இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது பந்து மட்டுமே.

மாணவி கறுப்புக் கோலிக்குண்டு போதுமா என்று கேட்டார். எழுத்துள்ள 75 செ.மீ. பகுதி படத்தின் 6,000 புள்ளி நீளத்தை நிரப்பினால் ஒரு புள்ளிக்கு 0.125 மி.மீ. ஆகிறது. 16 மி.மீ. கோலிக்குண்டு படத்தில் 128 புள்ளி அகலமே தெரியும், மின்னும் புள்ளியின் இடத்தை நுட்பமாகக் குறிக்க அது சிறியது. 52.5 மி.மீ. விட்டமுள்ள ஸ்நூக்கர் பந்து 420 புள்ளி அகலம் தெரியும். அடுத்த வாங்கல் பட்டியலில் இப்போது இருப்பது ஒரே பொருள், கறுப்பு ஸ்நூக்கர் பந்து ஒன்று.